பெயரிடும் உரிமை

ஒரு சமூகம் தன்னைப் பிறர் அழைத்துவரும் பெயரை வேண்டாம் என்று மறுத்து, வேறொரு பெயரால் அழைக்கும்படி கேட்கிறது. அப்போது மற்றவர்களுக்கு ஒரு கடமை பிறக்கிறதா? பிறக்கிறது என்றால் அது வெறும் நாகரிகம் சார்ந்ததா, அறம் சார்ந்ததா? அந்தப் பெயரும் சில பத்தாண்டுகளில் மாறினால் கடமையும் கூடவே மாறுமா? தமிழகத்தில் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விகள் பத்திரிகைகளிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கோயில் வாசலிலும் எழுந்துகொண்டே இருக்கின்றன.

இவற்றை அணுகத் தமிழ் இலக்கணமே ஒரு வழி தருகிறது. தகுதி பற்றி வழங்கும் சொற்களைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பேசுகிறது. நன்னூல் அவற்றை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. மங்கலம் என்பது சொல்லக் கூசும் ஒன்றை நல்ல சொல்லால் மூடிச் சொல்வது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் உரைகளில் வரும் உதாரணங்கள். மங்கலச் சொல் தணிப்பது சொல்பவரின் கூச்சத்தை. சுட்டப்படும் பொருள் இருந்தபடியே இருக்கும். அதன் மீதுள்ள அச்சமும் விலக்கமும் அப்படியே இருக்கும். மக்களுக்கு இடப்பட்ட பெயர்களின் வரலாற்றிலும் இந்த வழக்கு உண்டு. மேலே இருப்பவர்கள் தங்கள் கூச்சம் தீர இட்ட மங்கலப் பெயர்கள் ஒருபுறம். அந்த மக்களே தேர்ந்து, வாதாடி, நிலைநிறுத்திய பெயர்கள் மறுபுறம். இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் ‘எத்தனை முறைதான் பெயரை மாற்றுவார்கள்’ என்ற சலிப்பு எழுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இரண்டு பெரியவர்கள் இந்தக் கேள்விக்கு நேரெதிரான விடைகளைத் தந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் ‘பறையர்’ என்ற பெயரை முற்றாக மறுத்தார். அது பகைவர்கள் சுமத்திய இழிபெயர், அந்த மக்கள் உண்மையில் இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்பது அவருடைய வாதம். சாதிபேதமற்ற திராவிடர், ஆதித் தமிழர் என்ற பெயர்களை அவர் முன்வைத்தார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார், அது பிறகு ‘தமிழன்’ ஆனது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் தன் இதழுக்கு அடைமொழி ஏதுமின்றித் ‘தமிழன்’ என்று பெயர் வைத்தது அவருடைய நூறு கட்டுரைகளுக்குச் சமமான ஒரு வாதம்.

இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் போனார். 1893இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. பெயரை மறைத்துக்கொண்டு எவரும் உரிமை கேட்க முடியாது, எந்தப் பெயரைச் சொல்லி அவமதிக்கிறார்களோ அந்தப் பெயரிலேயே தலைநிமிர்ந்து வந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய நிலை. பிற்காலத்தில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர் அவர். சொல்லின் இழிவு சொல்லில் இல்லை, அதைச் சொல்பவரின் பார்வையில் இருக்கிறது என்றால், சொல்லைக் கைவிடுவது அந்தப் பார்வைக்குப் பணிவதாகும். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய தர்க்கம் அல்ல.

அயோத்திதாசர் சொன்ன பூர்வ பௌத்த வரலாற்றை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அவருடைய கோரிக்கையின் நியாயம் அந்த வரலாற்றின் மீது மட்டும் நிற்கவில்லை. தன்னைச் சுட்டும் சொல்லைத் தானே தீர்மானிப்பது மனிதருக்கு உரிய உரிமை என்பதே அதன் அடித்தளம். சீனிவாசனும் இதையேதான் வேறு திசையிலிருந்து நிலைநாட்டினார்: இழிசொல்லை எடுத்து ஆளும் உரிமை அந்தச் சொல்லால் அடிபட்டவருக்கு உண்டு. அவர் தன் இதழுக்கு அந்தப் பெயரை வைத்தார் என்பதற்காக, மற்றவர்கள் தெருவில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல அனுமதி கிடைத்துவிடாது. ஒரே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு செயலாகிறது. இந்த அடிப்படை உண்மையைத் தவறவிடுபவர்களே ‘அவர்களே சொல்லிக்கொள்ளும்போது நாங்கள் சொன்னால் என்ன’ என்று கேட்கிறார்கள்.

அக்காலத்து நல்லெண்ணத்திற்கும் ஒரு சொல் இருந்தது: ‘பஞ்சமர்’. நான்கு வருணத்துக்கும் வெளியே ஐந்தாவதாக நிற்பவர் என்று பொருள். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறில் தொடங்கிய இலவசப் பள்ளி, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. அதன் பெயரிலும் ‘பஞ்சமர்’ இருந்தது. உதவி உண்மையானது, பெயர் மங்கலமானது. அந்த மங்கலச் சொல்லோ வருண அமைப்பின் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டது. 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையடுத்து, ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற சொற்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்றும், தெலுங்கு பேசுவோருக்கு ‘ஆதி ஆந்திரர்’ என்றும் அரசு ஆவணங்களில் எழுத ஆணை பிறந்தது. அந்த மக்களே கேட்டு, அவர்களுடைய பிரதிநிதியே சட்டமன்றத்தில் பேசிப் பெற்ற பெயர் அது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழக அரசுத் துறையின் பெயரில் அது நீடிக்கிறது. இடப்பட்ட பெயர்கள் உதிர்ந்துகொண்டே வந்த நூற்றாண்டில் இது நின்றது தற்செயல் அல்ல.

மதம் இந்தக் கேள்விக்குள் மிக ஆழமாக நுழைவது ‘ஹரிஜன்’ என்ற பெயரில். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு முன்னோடி உண்டு. மேல்கோட்டையில் செல்வப்பிள்ளையின் திருமேனியை மீட்டுவர உதவிய தீண்டப்படாத மக்களை இராமானுசர் ‘திருக்குலத்தார்’ என்று அழைத்தார் என்பது வைணவ மரபு. அந்த மரபின்படியே அவர்களுக்குக் கோயிலில் நுழைய ஆண்டில் சில நாள்கள் உரிமை கிடைத்தது. அக்காலச் சூழலில் அது துணிவான செயல், அதன் அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரில் ‘திரு’ வந்து சேர்ந்த பிறகும் ஆண்டின் மற்ற நாள்களில் வாசல் அடைபட்டே இருந்தது. பக்தி மரபு பெயரை வானுக்கு உயர்த்தியது. கால்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

1932இல் பூனா ஒப்பந்தத்தை ஒட்டிய மாதங்களில் காந்தி, கடவுளின் மக்கள் என்று பொருள்படும் ‘ஹரிஜன்’ என்ற சொல்லைப் பரப்பினார். குஜராத்தி பக்திக் கவி நரசிங்க மேத்தாவின் சொல்லாட்சியிலிருந்து அந்தச் சொல்லை ஒருவர் தமக்கு எழுதி அனுப்பியதாக அவர் சொன்னார். 1933 பிப்ரவரியில் அதே பெயரில் வார இதழும் வந்தது. காந்தியின் கருத்தை அதன் வலிமையான வடிவிலேயே சொல்ல வேண்டும். உலகம் கைவிட்டவர்களே இறைவனுக்கு நெருக்கமானவர்கள். சாதி இந்துக்கள் தீண்டாமையை மனதாரக் கைவிடும் நாளில் அவர்களும் ஹரிஜனங்கள் ஆவார்கள். பெயர் இங்கே சாதி இந்துக்களின் மனச்சாட்சியை நோக்கிய வேண்டுகோள்.

குறையும் அங்கேதான் இருந்தது. ஒரு மக்கள் திரளின் பெயர் இன்னொரு திரளின் மனமாற்றத்துக்கான கருவி ஆகலாமா? அந்தப் பெயரைத் தாங்க வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் ‘ஹரிஜன்’ என்று எழுதப்பட்டபோது அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்த்தார்கள். தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை தங்களுக்கே என்ற வாதம் பெரும்பான்மை வாக்கில் தோற்றது, அவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் மட்டும் கடவுளின் மக்கள் என்றால் மற்றவர்கள் யாருடைய மக்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது வெறும் சொல்விளையாட்டு அல்ல. சமயத்தின் மொழியில் எல்லா உயிரும் இறைவனுடையது. ஒரு பகுதிக்கு மட்டும் அந்தப் பெயரை ஒதுக்கினால், அது புனிதமான தனிமைப்படுத்தல் ஆகிவிடுகிறது. அந்தச் சொல் பரவத் தொடங்கி அரை நூற்றாண்டு கழித்து, 1982இல் மத்திய அரசு அந்தச் சொல்லை அலுவல் வழக்கில் தவிர்க்கச் சுற்றறிக்கை அனுப்பியது. 2017இல் ஒரு வழக்கில், இன்று ‘ஹரிஜன்’ என்பது ஒருவரை இழிவுபடுத்தவே பயன்படுகிறது என்று உச்சநீதிமன்றம் குறிப்பிட்டது. காந்தியின் நோக்கம் தூயது என்பதும், சொல் வசையாகிப்போனது என்பதும் சேர்ந்தே உண்மை.

நல்ல சொல் ஏன் இப்படிக் கெடுகிறது? தமிழில் இதற்குச் ‘சேரி’ என்ற சொல்லைவிடத் தெளிவான சான்று கிடையாது. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த ஊரின் பகுதிகளே சேரி எனப்பட்டன. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பிறகு அது ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகச் சுருங்கி, வசைக்கு இணையானது. அரசு வீடுகள் கட்டிக்கொடுத்தபோது ‘காலனி’ என்ற புதுச் சொல் வந்தது. நகரத்தில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்று கௌரவமாக வழங்கும் அதே சொல், கிராமத்தில் ‘ஊர்’ என்பதற்கு எதிர்ச்சொல் ஆனது. ‘காலனிக்காரன்’ என்றால் என்ன பொருள் என்பது கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேரியிலும் காலனியிலும் எழுத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஊருக்கும் அந்தக் குடியிருப்புக்கும் நடுவில் உள்ள தூரம் அப்படியே இருந்தது. எந்தச் சொல் வந்தாலும் அந்தத் தூரமே அதன் பொருளானது.

இதையே காட்டி, சொல்லை மாற்றுவது வீண் என்று வாதிடுவோர் உண்டு. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் 1928இல் இதை ஒட்டிப் பேசியிருக்கிறார். ‘நீக்ரோ’ என்ற சொல்லை ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு பள்ளி மாணவர் அவருடைய இதழுக்கு எழுதிக் கேட்டபோது, பெயரை மாற்றினால் வெறுப்பு மறைந்துவிடாது என்று அவர் பதில் தந்தார். ஆனால் அதே டூ பாய்ஸ், அந்தச் சொல்லின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்று நெடுங்காலம் போராடியவர். மற்ற இனத்தாரின் பெயர்களுக்குக் கிடைத்த அந்த மரியாதையை நியூயார்க் டைம்ஸ் 1930இல்தான் ஏற்றது. பெயர் மட்டும் விடுதலை தராது என்பதும், பெயரில் காட்டும் அலட்சியம் அநீதியே என்பதும் அவரிடம் முரண்படவில்லை. பின்னர் 1960களில் இளம் தலைமுறை ‘நீக்ரோ’வையே கைவிட்டுக் ‘கறுப்பர்’ என்பதைப் பெருமையோடு எடுத்துக்கொண்டது. அடுத்த தலைமுறை எந்தச் சொல்லைத் தாங்கும் என்பதை முந்தைய தலைமுறையின் பேரறிஞராலும் முடிவுசெய்துவிட முடியாது.

அடுத்த சிக்கல், சமூகம் ஒரே குரலில் பேசாதபோது வருவது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் இயக்கம் மராத்தியில் ‘நொறுக்கப்பட்டவர்’ என்று பொருள்படும் சொல்லைத் தன் கொடியாக்கியது. அதில் மங்கலம் துளியும் இல்லை. நொறுக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்று குற்றஞ்சாட்டும் சொல் அது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் தமிழில் அது இலக்கியத்தின் பெயராகவும் அரசியலின் பெயராகவும் வேரூன்றியது. 2018இல் ‘தலித்’ என்பதற்குப் பதில் ‘பட்டியல் சாதியினர்’ என்று எழுதும்படி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியபோது, தாங்கள் தேர்ந்த பெயரை அரசு பறிப்பதாகப் பலர் எதிர்த்தார்கள். அதே வேளையில், தென்மாவட்டங்களில் பெரிய சமூகம் ஒன்றில் பலர் ‘தலித்’ என்ற பெயரை ஏற்பதில்லை. தங்களை வேளாண் குடிகளாகக் கருதும் அவர்களின் நீண்ட கோரிக்கையை ஏற்று, 2021இல் நாடாளுமன்றம் ஏழு உட்பிரிவுகளைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. வேளாளர் என்ற பெயரை ஏற்கெனவே தாங்கிய வேறு சில சாதி அமைப்புகள் இதை எதிர்த்தன. அந்த எதிர்ப்புக்கு அறத்தின் தராசில் எடை குறைவு. ஒருவர் ஒரு பெயரைச் சூடுவதால் இன்னொருவருடைய பெயர் தேய்வதில்லை. தேய்கிறது என்று தோன்றினால், அந்தப் பெயரில் காக்கப்படுவது உயர்வு தாழ்வுதான்.

ஒரே சமூகத்துக்குள் பெயர் பற்றிய இந்தக் கருத்துப் பிரிவு இலங்கை மலையகத்திலும் உண்டு. அரசின் கணக்கெடுப்புகளில் ‘இந்தியத் தமிழர்’ என்றும், வசையாகத் ‘தோட்டக்காட்டான்’ என்றும் அழைக்கப்பட்டவர்கள் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரைக் கட்டியெழுப்பினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிறகு, ‘இந்திய’ என்ற அடைமொழி அவர்களை அந்நியராகக் காட்டும் ஆயுதமாக இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. ஆயினும் கொழும்பிலும் பிற நகரங்களிலும் வாழும் சிலருக்கு ‘இந்திய வம்சாவளி’ என்ற அடையாளம் இன்றும் வேண்டியிருக்கிறது. இத்தகைய இடங்களில் வெளியில் இருப்பவர் நடுவராக முயலக் கூடாது. எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி அழைக்கலாம். பொதுவில் எழுதும்போது அச்சமூகத்தின் அமைப்புகளிடையே பரவலாக வழங்கும் பெயரைக் கொள்ளலாம். கருத்து வேறுபாடு இருக்கிறது என்பது, எல்லாரும் வெறுக்கும் பழைய சொல்லுக்குத் திரும்பிப்போகக் காரணம் ஆகாது.

பாலின அடையாளப் பெயர்களில் மாற்றம் ஒரே தலைமுறைக்குள் நடந்தது. ‘அலி’ என்ற வசைக்கு மாற்றாக வந்த ‘அரவாணி’, கூவாகம் கூத்தாண்டவர் கோயில் விழாவிலிருந்து பிறந்தது. களப்பலியாகும் அரவானை மணந்து மறுநாள் தாலியறுக்கும் சடங்கு, ஒதுக்கப்பட்ட மக்களுக்குப் புராணத்திலேயே ஓர் இடம் தந்தது. அந்த ஆறுதல் பெரிது. ஆனால் கிறித்தவரும் முஸ்லிமும் இறைமறுப்பாளரும் அச்சமூகத்தில் உண்டு. எல்லாரையும் ஒரு தொன்மத்தின் மனைவியராகவும் கைம்பெண்களாகவும் நிறுத்தும் பெயர் காலப்போக்கில் போதாமல் போனது. ‘திருநங்கை’ என்ற பெயர் கலைஞர் கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில் பரவலானது. 2008இல் தமிழகத்தில் அமைந்த நலவாரியம் ‘அரவாணிகள்’ பெயரில் தொடங்கினாலும் வழக்கில் புதுப் பெயரே நிலைத்தது. அதன் இணையாகத் திருநம்பி, இருவரையும் அடக்கும் திருநர் என்ற சொற்களும் வந்தன. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தந்த உத்தரவைத் தொடர்ந்த நடவடிக்கைகளின் பயனாக, 2022 ஆகஸ்டில் தமிழக அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. காவல்துறையும் பத்திரிகைகளும் எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரியாமல் வசைச் சொல்லையே எழுதிவந்த இடத்தில், தெரியாது என்ற சாக்கு அதன்பின் செல்லாமல் போனது.

உடற்குறை தொடர்பான சொற்களில் மங்கல வழக்கு மிக வெளிப்படையாகத் தெரிகிறது. தமிழக அரசு 2010இல் ‘ஊனமுற்றோர்’ என்பதை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்று ஆக்கியது. பேச்சு வழக்கின் கொடூரமான சொற்களைப் பின்னுக்குத் தள்ளியதில் இந்தப் பெயரின் நன்மை மெய்யானது. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலி உரையில் ‘திவ்யாங்’, அதாவது தெய்வீக உறுப்புடையோர் என்ற சொல்லை முன்வைத்தார். மத்திய அரசின் துறையும் அந்தப் பெயரைப் பெற்றது. உரிமை அமைப்புகள் பல எதிர்த்தன. சாய்தளம் இல்லாத அலுவலகத்தின் படிக்கட்டில் நிற்பவருக்குத் தேவைப்படுவது சாய்தளம். உடலில் தெய்வீகம் இருப்பதாகச் சொன்னால் படிக்கட்டின் குற்றம் மறைந்துவிடுகிறது. ‘ஹரிஜன்’ செய்த அதே வேலை இது: குறையைச் சமூகத்திலிருந்து எடுத்துக் கடவுளின் கணக்கில் எழுதுகிறது. காதுகேளாதோரின் உலகளாவிய அமைப்புகள் ‘செவித்திறன் குறைபாடுடையோர்’ என்ற மென்மையான சொல்லை விலக்கி, ‘காதுகேளாதோர்’ என்ற நேரான சொல்லையே கேட்கின்றன. சைகை மொழியும் தனிப் பண்பாடும் உடைய தங்களை ஒரு குறைபாட்டால் அளப்பதை அவர்கள் விரும்பவில்லை. மரியாதையான சொல் என்றால் மென்மையான சொல்தான் என்ற எண்ணத்தை இந்த ஒரு சான்றே தகர்க்கும்.

கடமையின் அளவு என்ன? அறியாமல் பழைய சொல்லைச் சொல்லும் முதியவரைக் குற்றவாளியாக்குவது அறம் ஆகாது. வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லோடு வாழ்ந்தவரின் நாவு மெதுவாகத்தான் திரும்பும். புண்படுகிறது என்று சொன்ன பிறகும் சொல்வதுதான் தவறு. அப்போது ‘நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை’ என்பது விடையாகாது. எண்ணத்தின் சாட்சி சொல்பவரிடம் மட்டும் இருக்கிறது, சொல்லின் அடியோ கேட்பவர் மீது விழுகிறது. தமிழகத்து வழக்கொன்றில் 2011இல் உச்சநீதிமன்றம் ஒரு சாதிப் பெயர் வசையாகச் சொல்லப்பட்டதைத் தண்டனைக்குரியது என்று கண்டது. அது சாதிப் பட்டியலில் உள்ள அலுவல்பூர்வப் பெயர்தானே என்ற சமாதானம் எடுபடவில்லை. பிறர் கேட்கும் பெயரை ஏற்பது அவர்கள் சொல்லும் வரலாற்றையெல்லாம் ஏற்பது ஆகாது; பூர்வ பௌத்தர் கொள்கையோடு வாதிடுபவரும் அயோத்திதாசர் வெறுத்த சொல்லைத் தவிர்க்கலாம்.

பழைய நூல்களில் உள்ள சொற்களைத் திருத்துவது இந்தக் கடமையில் அடங்காது. 1893இன் இதழை அதன் பெயரால்தான் குறிப்பிட முடியும். கல்வெட்டுகளில் வரும் தீண்டாச்சேரியைப் புதுச் சொல்லால் பெயர்த்தால் தீண்டாமையின் சான்றே அழிந்துபோகும். சட்டப் பட்டியல் மட்டும் பழைய நூலும் அல்ல, வாழும் பேச்சும் அல்ல. தமிழகப் பட்டியல் சாதிகளின் பெயர்கள் பலவும் அதில் இன்றும் ‘அன்’ விகுதியோடுதான் நிற்கின்றன. மாணவர்கள் அந்தப் பெயரோடுதான் சாதிச் சான்றிதழ் பெறுகிறார்கள். அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி அந்தப் பட்டியலில் ஓர் எழுத்தை மாற்றவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2021இன் திருத்தம் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரை முன்னால் வைத்தது. குடும்பன், பண்ணாடி, வாதிரியான் முதலிய பழைய பெயர்கள் அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் தொடர்கின்றன. பட்டியலில் உள்ள மற்ற சமூகங்களுள் பலவற்றின் பெயர்களுக்கு அந்த முதல் திருத்தமும் இன்னும் வரவில்லை.